சங்கத்துப் பொருளாளராக அழைக்கிறார்கள், ஏற்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் சிவில் இன்ஜினியர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்தமாகத் தொழில் செய்கிறேன்; வேலந்தாவளத்தில் கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்கு வேலை உண்டு. எங்கள் பகுதிப் பொறியாளர்கள் 140 பேர் சேர்ந்த சங்கம் ஒன்று பாலக்காட்டில் 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறது. வரும் பொதுக்குழுவில் என்னைப் பொருளாளராக்க வேண்டும் என்று மூத்தவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "உங்களைப் போன்ற ஒரு பெண் பொருளாளராக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மற்றதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். சங்கத்தின் பெயரில் ஒன்பது லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. இரண்டு ஆண்டுக் கணக்கு இன்னும் தணிக்கை ஆகவில்லை. பழைய பொருளாளர் மகளோடு இருக்க துபாய் போய்விட்டார். சங்கக் கட்டடத்துக்காக எட்டு சென்ட் இடத்தை, சென்ட் இரண்டு லட்சம் என்று பேசி, ஒரு லட்சம் ரொக்கமாக முன்பணமும் கொடுத்தாயிற்று. இடம் தலைவரின் மைத்துனருடையது. மறுத்தால் எல்லோரையும் பகைத்துக்கொள்ள நேருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சித்தூர் தாலுகா)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்ற வரியின் கீழ் இரண்டு முறையும் என் பேனா கோடு போட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கென்றே ஒரு சங்கம் பொருளாளரை வைத்துக்கொள்கிறது. கேள்வியே வராது என்று உறுதிகொடுத்து அந்தப் பதவிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால், வரவேண்டிய கேள்விகள் ஏற்கெனவே சில காத்திருக்கின்றன என்று கொள்வதே விவேகம். உங்கள் மீது அவர்களுக்கு மதிப்பு இருப்பது உண்மையாக இருக்கலாம். அந்த மதிப்பைக் கணக்குப் புத்தகத்தின் மேல் உறையாகப் போர்த்த நினைக்கிறார்களோ என்பதுதான் என் ஐயம்.

இருந்தும், உடனே மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி கவுன்சில் இருக்கிறது. சிவில் பொறியாளர்களுக்கு அப்படி ஒன்று இல்லாத நிலையில், பஞ்சாயத்திலும் நகரசபையிலும் அவர்களுக்காகப் பேசுவது இத்தகைய உள்ளூர்ச் சங்கங்கள்தாம். கேரளத்தில் 2019ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளையும், தமிழ்நாட்டில் அதே ஆண்டு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் புரட்டும் உங்களைப் போன்ற எல்லைப்புறத்துப் பொறியாளர்களுக்கு நல்ல சங்கம் ஒன்று இருப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆகவே என் யோசனை இது: சில காகிதங்களைக் கேளுங்கள்; அவற்றைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். காகிதம் காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

முதலில் சட்ட நிலையைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் இதில் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. உங்கள் வீடு இருக்கும் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. இரண்டும் 1957இல் ஒரே மாவட்டமான பிறகும், சங்கப் பதிவில் அந்தப் பழைய எல்லைக்கோடு அழியவில்லை: மலபார் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம், கொச்சிப் பகுதிக்குத் திருவிதாங்கூர்-கொச்சிக்கென 1955இல் வந்த சட்டம். கோவை, பொள்ளாச்சி உறுப்பினர்கள் தங்கள் ஊரில் பழகிய 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, "குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது" என்று வாதிடுவார்கள். அது அந்தச் சட்டத்தில் சரி. உங்கள் சங்கத்தை ஆளும் 1860ஆம் ஆண்டுச் சட்டம் பதவிக்காலம் எதையும் குறிப்பிடவில்லை. உங்கள் பைலா (சங்கத்தின் துணைவிதிகள்) என்ன சொல்கிறதோ அதுதான் விதி. எனவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய முதல் காகிதம், பதிவு அலுவலகத்தின் முத்திரையோடு கூடிய பைலாவின் நகல். செயலாளரின் கணினியில் இருக்கும் வேர்ட் கோப்பை வைத்துத் திருப்திப்படாதீர்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதே 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, ஆண்டுப் பொதுக்குழு நடந்த 14 நாட்களுக்குள் நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியாகத் தாக்கல் செய்த பட்டியலின் நகலையும் கேளுங்கள். அது நான்கு ஆண்டுப் பழையதாக இருந்தால், காகிதத்தில் இன்றைய தலைவர் தலைவரே அல்லர் என்ற வேடிக்கை நேரும். கையெழுத்து அதிகாரத்தை உங்கள் பெயருக்கு மாற்றப் போகும்போது வங்கி மேலாளர் முதலில் கேட்பதும் அந்தப் பட்டியலைத்தான்.

பொறுப்பு எவ்வளவு தூரம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் உங்கள் பயத்துக்குள் அந்தக் கேள்வியும் இருக்கிறது. சங்கத்தின் சார்பில் வழக்காடும் நிர்வாகி மீது தீர்ப்பு வந்தால், அது அவருடைய சொந்த வீடு வாசல் மீது பாயாது, சங்கச் சொத்தின் மீதே நிறைவேற்றப்படும் என்று 8ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆனால் சங்கப் பணத்தைக் கையாடியவரும், நிதிக்கு இழப்பு நேரும்படி பொய்யாக ரசீதோ ஆவணமோ தயாரித்தவரும் சங்க உறுப்பினராக இருந்தாலும் வெளியாளைப் போலவே குற்ற நடவடிக்கைக்கு உட்படுவார் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. அவ்வாறு ஒரு புகார் எழுந்து விசாரணை வரும்போது, காசோலையில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். "நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பது அங்கே விளக்கமாக எடுபடாது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் தொழிலைச் சேர்ந்த ஒரு சிறு சங்கத்தில் நானே பொருளாளராக இருந்தேன். ஆண்டு மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு, தங்கை மகளின் கல்யாணத்துக்காக நான் தென்காசிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மண்டபத்துக்கும் சமையலுக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் பேருந்து நிலையத்துக்கே காசோலைப் புத்தகத்தோடு வந்தார். தொகை எழுதாத ஐந்து தாள்களில், அவருடைய ஸ்கூட்டர் இருக்கையின் மேல் வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். திரும்பி வந்தபோது நான்கு தாள்களுக்கு ரசீது இருந்தது. ஐந்தாவதில் 'செல்ஃப்' என்று எழுதி 14,500 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது. எதற்கென்று அவருக்கே நினைவில்லை. அவர் அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை, மாநாட்டு அவசரத்தில் யார் கையிலாவது கொடுத்திருப்பார். பொதுக்குழுவில் எழுந்து நின்று விடையளிக்க வேண்டியிருந்தது நான்தான். ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்யும் ஆடிட்டர் தம் சங்கக் கணக்கில் 14,500 ரூபாய்க்கு வவுச்சர் இல்லாமல் நின்ற காட்சியை நண்பர்கள் வெகுகாலம் மறக்கவில்லை. தொகையை என் கையிலிருந்து கட்டினேன்.

ஆகவே தொகையும் பெறுநர் பெயரும் எழுதப்படாத எந்தக் காசோலையிலும் கையெழுத்திட மாட்டேன் என்பதைப் பதவி ஏற்கும் முன்பே, சிரித்த முகத்தோடு, எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது செயலாளர் மீதான சந்தேகமாகத் தோன்றும். முன்பே சொன்னால் உங்கள் பழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இனி கணக்கு. இரண்டு ஆண்டுக் கணக்கு தணிக்கையாகாமல் இருப்பதைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம். சிறிய சங்கங்களில் பெரும்பாலும் சோம்பல்தான் காரணம். பழைய பொருளாளர் துபாயில் இருப்பதும் தடையல்ல. வங்கிக் கணக்கு அறிக்கையைத் தற்போதைய கையெழுத்ததிகாரி எழுதிக் கொடுத்தால் கிளையிலேயே முழுமையாகப் பெறலாம், யாரும் அச்செடுத்துத் தந்த தாளை நம்ப வேண்டியதில்லை. வைப்புத்தொகை ரசீதின் அசலைக் கண்ணால் பாருங்கள்; அந்த வைப்பின் மீது கடன் ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். "ஒன்பது லட்சம் இருக்கிறது" என்று எல்லோரும் சொல்லும் தொகையின் மேல் ஆறு லட்சம் கடன் ஏறியிருப்பது நடக்காத காரியம் அல்ல.

அதைவிட முக்கியமாக ரசீதுப் புத்தகங்களை எண்ணுங்கள். அச்சகத்தில் எத்தனை புத்தகம் அடித்தார்கள் என்பதற்கு அச்சக பில் இருக்கும். பில்லில் பத்துப் புத்தகம் இருந்து, அலமாரியில் ஏழின் அடிக்கட்டும் ஒரு புதுப் புத்தகமும் மட்டும் இருந்தால், மீதி இரண்டும் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் தணிக்கைக்கே அர்த்தம் உண்டு. சந்தா பெரும்பாலும் வங்கி வழியாக வரும். நாட்காட்டி விளம்பரத்துக்கும் ஆண்டு விழா விருந்துக்கும் சிமெண்ட், கம்பிக் கடைக்காரர்கள் தரும் தொகைதான் ரொக்கமாக வந்து சட்டைப்பைகளில் தங்கும். அந்த அடிக்கட்டுகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். எந்தக் கடையின் கம்பியைப் பரிந்துரைக்கிறோமோ அந்தக் கடையின் பணத்தில் விருந்துண்பது ஒரு பொறியாளருக்கு எவ்வளவு அழகு என்பது தனியே பேச வேண்டிய விஷயம், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர்களிடமிருந்து வந்து உறுப்பினர்களுக்கே செலவாகும் சந்தாவுக்குப் பரஸ்பரத் தத்துவத்தின்படி (தனக்குத் தானே கொடுத்துக்கொள்வது வருமானம் ஆகாது என்பது) வருமான வரி விலக்கு கோரலாம். சந்தா வேறு, வங்கி வட்டி வேறு: உறுப்பினராகவே உள்ள வங்கியில் போட்ட வைப்பின் வட்டிக்குக்கூட அந்தத் தத்துவம் பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துவிட்டது. ஒன்பது லட்சத்தின் வட்டிக்கு இதுவரை வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். சங்கமும் உறுப்பினரும் வெவ்வேறு நபர்கள் என்று கொண்டு சந்தாவுக்கு ஜிஎஸ்டி கேட்கும் பிரிவை, இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சேவைகளுக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சமாக இருக்க, 140 உறுப்பினர் சந்தாவில் அந்தத் தலைவலி உங்களை எட்டுவதற்கு நாளாகும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இடம் வாங்கும் பேச்சு. தலைவரின் மைத்துனர் இடம் என்பதாலேயே அது கெட்ட வியாபாரம் ஆகிவிடாது. சந்தை விலையைவிடக் குறைத்துக்கூடக் கொடுக்கலாம். அப்படியானால் அதை எல்லோரும் காணும்படி செய்வதில் அவருக்குத் தடை இருக்கக் கூடாது. தமக்கு உறவுமுறை இருப்பதைத் தலைவர் கூட்டத்தில் அறிவித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, விலை குறித்த விவாதம் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். துணைத்தலைவர் கூட்டத்தை நடத்தட்டும். அருகில் அண்மையில் பதிவான இரண்டு மூன்று கிரயப் பத்திரங்களின் விலையோடு ஒப்பிட்டுப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். எட்டு சென்ட் 16 லட்சம். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 17 லட்சத்து 60 ஆயிரம். கையில் ஒன்பது லட்சம். கொடுத்த முன்பணம் அந்த ஒன்பதில் சேர்ந்ததா, தனியா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. எப்படிப் பார்த்தாலும் எட்டு லட்சம் அளவுக்குத் துண்டு விழுகிறது. தலைக்கு ஆறாயிரம் ரூபாய் அளவில் 140 பேரிடமும் வசூலிக்கும் பொறுப்பு யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? பொருளாளர் தலையில்தான். இந்தத் துண்டைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுப்போம் என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். அதற்கு உடன்படாதீர்கள், பத்திரத்தில் வராத தொகையைச் சங்கக் கணக்கில் எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது.

ஏற்கெனவே கொடுத்த ஒரு லட்சமே சிக்கலானது. அசையாச் சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது; மீறி வாங்கியவருக்கு வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அந்த அபாயம் மைத்துனருக்குத்தான் என்றாலும், வங்கியிலிருந்து ஒரு லட்சத்தை ரொக்கமாக எடுத்துக் கொடுக்க எந்தத் தீர்மானம் அதிகாரம் தந்தது என்ற கேள்வி சங்கத்தைச் சேரும். தீர்மான எண், தேதி, அவர் கையெழுத்திட்ட ரசீது ஆகிய மூன்றும் உங்களுக்குக் காட்டப்பட வேண்டும்.

பத்திரத்திலும் வரி ரசீதிலும் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கோவைப் பக்கத்து உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு நிலம் என்றால் எல்லா நிலமும்தான். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத் தகுந்த மேட்டு இடம் 'புரையிடம்'. இந்த ஒரு சொல்லைத் தமிழாகவே படித்துவிட்டு முன்பணம் கொடுத்தவர்கள் எல்லைப்புறத்தில் உண்டு. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த நெல்வயல், ஈரநிலப் பட்டியலான டேட்டா பேங்கில் அந்தச் சர்வே எண் இருக்குமானால், அதை நீக்கப் படிவம் 5 எழுதி வருவாய்க் கோட்ட அதிகாரியின் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அதுவரை பொறியாளர்கள் சங்கத்தின் சொந்தக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காத நிலை ஏற்படும். ஊரார் வீட்டுக்கெல்லாம் அனுமதி வாங்கித் தருபவர்களுக்கு அது நேரக் கூடாது.

மறுத்தால் பகை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை குறையும் என்று நான் நினைக்கவில்லை. வீடு கட்டுபவர் உங்கள் வரைபடத்தையும் மேற்பார்வையையும் பார்த்து வருகிறார், சங்கப் பொறுப்பைப் பார்த்து வருவதில்லை. இரண்டு மூன்று மூத்தவர்கள் சில மாதங்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். அதைத் தவிர்க்க, மறுப்பதாகச் சொல்லாமல் எழுத்தில் நிபந்தனையோடு சம்மதம் தெரிவியுங்கள்: முன்னாள் குழுவின் செலவில் இரண்டு ஆண்டுக் கணக்கும் பொதுக்குழுவுக்கு முன் தணிக்கையாகி அந்த அறிக்கை அங்கே வைக்கப்பட வேண்டும், இடம் வாங்கும் தீர்மானம் உறவுமுறை அறிவிப்போடு புதிதாக நிறைவேற வேண்டும், பொறுப்பேற்கும் நாளுக்கு முந்தைய எந்தச் செலவிலும் நான் கையெழுத்திட மாட்டேன். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதித் தலைவருக்கும் செயலாளருக்கும் அனுப்பிவையுங்கள். ஏற்றுக்கொண்டால் நல்ல சங்கத்தில் சேருகிறீர்கள். ஏற்காவிட்டால் பின்வாங்கியது அவர்களாக இருக்கும்.

பொறுப்பேற்க முடிவானால், பொதுக்குழு முடிந்த அன்று மாலையே பழைய நிர்வாகியை உட்காரவைத்து ஒப்படைப்புப் பட்டியல் எழுதுங்கள்: பாஸ்புக், பயன்படுத்தாத காசோலைத் தாள்களின் எண்கள், வைப்புத்தொகை ரசீது எண், ரசீதுப் புத்தகங்களின் தொடக்க, முடிவு எண்கள், கையிருப்பு ரொக்கம், தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்க எண். இல்லாததை "இல்லை" என்றே எழுதுங்கள். ஒப்படைத்தவரும் நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட பின் ஒரு நகல் சங்கக் கோப்பில் இருக்கட்டும், இன்னொன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.